துவர்ப்பு நமக்குப் புதிதல்ல

கேள்வி: அக்கா, போன வருஷம் நானும் கணவரும் டஸ்கனி போய் வந்தோம். தை மாதம் எங்கள் 25-ஆவது கல்யாண நாள். நண்பர்கள் பத்துப் பேரை வீட்டுக்கு அழைத்து, இத்தாலியச் சிவப்பு வைன் ஐந்து வகை, கூடவே சின்னச் சின்னப் பலகாரம் என்று ஒரு சாயங்காலம் வைக்க ஆசை. பாதிப் பேர் சைவம். முன்பு ஒரு முறை வைன் கொடுத்தபோது, “கசக்குது, வாயை இழுக்குது” என்று பாதிக்கு மேல் கிளாஸை வைத்துவிட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: “வாயை இழுக்குது” என்றார்களே, அங்கிருந்தே ஆரம்பியுங்கள். அவர்கள் சொன்னது கசப்பு இல்லை, துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக அதற்கு நாம் தனிப் பெயர் வைத்திருக்கிறோம். தரமணியில் கேட்டரிங் படித்துவிட்டு வடக்கு இத்தாலியில் அல்பா ஊர்ச் சமையற்கட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். அங்கே வைனை ருசி பார்க்கும்போது முதலாளியம்மா “டானின், டானின்” என்பார். மூன்றாம் நாள்தான் எனக்கு விளங்கியது: நம் வாழைப்பூவில், மாதுளைத் தோலில், கொட்டைப்பாக்கில் இருக்கும் அதே பிடிப்பு. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குகிறது. உமிழ்நீரின் வழுவழுப்புக்குக் காரணமான புரதத்தை அது பிடித்துக்கொள்வதால்தான் ஈறு வறண்டு நாக்கு சொரசொரக்கிறது.

அதனால் விருந்தினர் வந்ததும் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஆளுக்கு ஒரு தட்டில் பெரிய நெல்லிக்காய்த் துண்டு, கொஞ்சம் பாக்குச் சீவல், பால் இல்லாமல் கறுப்பாகக் காய்ச்சி ஆறவைத்த டீ ஒரு வாய் வையுங்கள். நெல்லியில் முதலில் வாய் ஊறும், அது புளிப்பு. பிறகு வறளும், அது துவர்ப்பு. பாக்கு நேராக வறட்சிக்கே போகும். டீயைக் குடித்த பிறகு அதிலேயே ஒரு ஸ்பூன் பால் விட்டு மறுபடி குடிக்கச் சொல்லுங்கள். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், நாக்கு தப்பித்துவிடும். சீஸும் கறியும் சிவப்பு வைனோடு ஏன் போகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பத்து நிமிஷம் ஆகும். அதற்குப் பிறகு “கசக்குது” என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். “இது நெல்லி மாதிரி”, “இது பாக்கு மாதிரி” என்பார்கள்.

அளவு: ஒரு வகைக்கு 50 மில்லி போதும். 750 மில்லி பாட்டிலில் பதினைந்து பேருக்கு வரும். நீங்கள் இருவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், ஆக ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில். ஐந்தையும் சேர்த்தால் ஆளுக்கு 250 மில்லி, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று மணி நேரத்துக்கு இதற்கு மேல் ஊற்றாதீர்கள். ஐந்து வகையும் ஒரே கடையில் கிடைக்காது; இப்போதே தேடத் தொடங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் தீர்வை இல்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர், அதாவது இரண்டு பாட்டில்தான்.

வரிசையை மெல்லியதிலிருந்து கனமானதற்குக் கொண்டுபோங்கள்.

முதலில் லாம்ப்ருஸ்கோ. மோடெனா பக்கத்து நுரைக்கும் சிவப்பு வைன், சில்லென்று கொடுக்க வேண்டும். லேபிளில் ‘செக்கோ’ என்றிருப்பதை வாங்குங்கள்; ‘அமாபிலே’, ‘தோல்சே’ என்றால் இனிப்பு. அந்த ஊரில் கொழுப்பான பன்றி இறைச்சியோடு சாப்பிடுவார்கள், ஏனென்றால் நுரையும் புளிப்பும் கொழுப்பை வழித்துக்கொண்டு போகும். நம் வீட்டில் அந்த இடத்துக்கு எண்ணெய்ப் பலகாரம்: ரூபாய் நாணயம் அளவு மசால் வடை, மிளகாய் போடாமல் சோம்பு மட்டும் தூக்கலாக.

இரண்டாவது பார்பேரா. வடமேற்கு இத்தாலியின் பியெட்மாண்ட் மாநில வைன், புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. சின்ன வெங்காயம் வதக்கிப் போட்ட குழிப்பணியாரம், மேலே ஒரு பொட்டுத் தக்காளித் தொக்கு. புளிப்போடு புளிப்பு சேர்ந்தால் வைன் இன்னும் புளிக்கும் என்று பயப்படுவார்கள், நடப்பது நேர்மாறு. சாப்பாட்டின் புளிப்புக்கு நாக்கு பழகியதும் வைன் உருண்டு இனிக்கும்.

மூன்றாவது, நீங்கள் போன டஸ்கனியின் கியாந்தி கிளாசிகோ. பாட்டில் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும். ஃபுளோரன்சுக்கும் சியெனாவுக்கும் நடுவில் உள்ள இந்த வட்டாரத்துக்கு 1716-லேயே டஸ்கனியை ஆண்ட மெடிச்சி வம்சத்து மூன்றாம் கோசிமோ எல்லை வகுத்தார். சான்ஜோவேசே திராட்சை குறைந்தது நூற்றுக்கு எண்பது பங்கு இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. அங்கே கோழி ஈரலை மசித்து வாட்டிய ரொட்டியில் தடவித் தருவார்களே, சாப்பிட்டிருப்பீர்கள். நாம் ஈரலை மிளகும் பூண்டும் போட்டு வதக்கி, கரகரவென்று சுட்ட ரொட்டித் துண்டில் வைக்கலாம். சைவத்துக்குச் சுட்ட கத்தரிக்காய் மசியல். நல்லெண்ணெய், உப்பு, வேறொன்றும் வேண்டாம்.

நான்காவதுக்காகத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன் என்று சொல்லலாம். நெபியோலோ திராட்சை. அதில் செய்யும் பரோலோ என்ற வைனை வாங்க முடிந்தால் அதுவே. விலை அதிகம் என்றால் ‘லாங்கே நெபியோலோ’ என்று எழுதியது. பரோலோவை 38 மாதம் வைத்திருந்துதான் விற்கலாம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். கிளாஸைச் சாய்த்து, மேஜையில் விரித்த வெள்ளை வேட்டியின் மேல் பிடித்துப் பாருங்கள். தெளிந்த தக்காளி ரசம் போல அடி தெரியும், ஓரத்தில் செங்கல் நிறம். இவ்வளவு வெளிறியது என்ன செய்துவிடும் என்று நினைத்துக் குடித்தால், ஈறு இரண்டையும் பாக்கு போலக் கவ்விப் பிடிக்கும். வாசனையை அந்த ஊரார் ‘தாரும் ரோஜாவும்’ என்பார்கள். முதல் முறை முகர்ந்தபோது எனக்கு மயிலாப்பூர் மாடவீதி ஞாபகம் வந்தது: புதிதாகத் தார் போட்ட தெரு, பக்கத்தில் கூடையில் பன்னீர் ரோஜா.

இதற்கு நான் வைப்பது வெண்பொங்கல். பியெட்மாண்டில் வெர்செல்லி பக்கம் நெல் வயல்கள் நம் தஞ்சாவூரைப் போல நீர் தேங்கி நிற்கும். குழைந்த அரிசியும் வெண்ணெயும் காளானும் அவர்களுக்கு அன்றாடம். நம் பொங்கலில் நெய் இருக்கிறது, பருப்பின் புரதம் இருக்கிறது, உப்பு இருக்கிறது. மூன்றும் துவர்ப்பைத் தணிப்பவை. காளானை நெய்யில் நன்றாகச் சிவக்க வதக்கி, மிளகைப் பாதியாகக் குறைத்து, ஒரு ஸ்பூன் பொங்கல்மேல் ஒரு துண்டு வையுங்கள். சட்னி, கொத்சு எதுவும் கூடாது. ஒரு வாய் பொங்கல், ஒரு வாய் வைன். பிடித்த ஈறை விட்டுவிட்டு அந்த ரோஜா மட்டும் மேலே வரும். பெசன்ட் நகரில் என் மேஜையில் இதைச் சாப்பிட்டவர்கள் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்துவதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது அமரோனே, வெரோனாவுக்கு வடக்கே வல்போலிசெல்லாவிலிருந்து. பறித்த திராட்சையைக் காற்றோட்டமான பரணில் தட்டுகளில் பரப்பி மூன்று, நான்கு மாதம் உலர வைப்பார்கள். நாம் வற்றல் போடுவதுதான், ஆனால் நிழலில். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வற்றியதும் பிழிவார்கள். அதனால் மது வீரியம் குறைந்தது 14 சதவீதம், பல பாட்டில்களில் 15, 16. இதற்குச் சுக்கா வறுவல் வைக்கலாம் என்று தோன்றும், வைக்காதீர்கள். மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. வீரியமான வைனோடு காரம் சேர்ந்தால் தொண்டை வரை தீ. நன்றாக முதிர்ந்த சீஸ் ஒரு துண்டு போதும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ வாங்கினால் சைவ நண்பர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: அதில் பாலைத் திரிக்கப் போடுவது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட். அவர்களுக்குத் தாவர அல்லது நுண்ணுயிர் ரெனட் போட்ட சீஸாக லேபிள் பார்த்து வாங்குங்கள். சில வைன்களைத் தெளிவிக்க முட்டை வெள்ளையும் சேர்ப்பதுண்டு. அதையும் பின்பக்க லேபிளில் தேடுங்கள்.

கேக்கைக் கடைசிக் கிளாஸ் காலியான பிறகு வெட்டுங்கள். இனிப்புக்குப் பிறகு இந்த வைன்கள் எல்லாமே கடுத்துப்போகும். இன்னொன்று, சொல்லவே மனசு வரவில்லை: அன்று சாயங்காலம் மட்டும் தலையில் மல்லிகை வேண்டாம், ஊதுவத்தியும் கொசுவத்தியும் வேண்டாம். ஒரு முழம் மல்லிகை இருக்கும் அறையில் பரோலோவின் வாசனை யாருக்கும் எட்டாது. வாசலில் ஒரு கிண்ணம் வைத்துப் பூவை வாங்கி வைத்திருந்து, போகும்போது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிவப்பு வைனை ‘ரூம் டெம்பரேச்சரில்’ கொடுக்க வேண்டும் என்கிறார்களே, சரியா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: அந்தப் பேச்சு குளிர்நாட்டுக் கல்வீட்டு அறையை வைத்து வந்தது. உங்கள் அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். பார்பேரா, கியாந்திக்கு 16 டிகிரி, பரோலோ, அமரோனேவுக்கு 18 போதும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மணி நேரம் போல வைத்து எடுங்கள். வாங்கும்போதே கார்க்கையும் கவனியுங்கள். ஒரு கடையில் கண்ணாடி ஓரம் வெயில் பட்ட பாட்டிலை நான் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். மேல் உறையை உரித்தபோது கார்க் ஒரு நூலளவு வெளியே தள்ளியிருந்தது, பக்கவாட்டில் சிவப்புக் கறை வழிந்திருந்தது. ஊற்றினால் வெந்த நாவற்பழ வாசனை. எட்டுப் பேர் காத்திருந்த மேஜை அது. கழுத்து உறை மேலே புடைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: குடியால் எங்கள் தெருவில் மூன்று குடும்பம் நாசமாயிருக்கிறது. நீங்கள் அதை விருந்து என்று எழுதுகிறீர்கள். உங்களுக்கு மனசு வருகிறதா?
– வாசகி, மாதவரம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. என் பெரியப்பாவைக் குடிக்குக் கொடுத்த வீடு எங்களுடையது. பெரியம்மா தாலிச் சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டுபோன நாளில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனவள் நான். உங்கள் கோபத்தில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன்.

குடிக்காத ஒருவரைக் குடிக்கவைக்க இந்தப் பக்கத்தை எழுதவில்லை. எப்படியும் கிளாஸ் எடுக்கப்போகிறவர்கள் கொஞ்சமாக, சாப்பாட்டோடு, என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கட்டும் என்று எழுதுகிறேன். என் மேஜையில் சில விதிகள் உண்டு. ஒருவர் கிளாஸைக் கையால் மூடினால் இரண்டாம் முறை கேட்கக் கூடாது. அவருக்கு அதே மாதிரி கிளாஸில் மாதுளைச் சாறோ நன்னாரியோ வரும். 21 வயது ஆகாதவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஊற்றுவதில்லை. யாரும் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பக் கூடாது. குடியை விட முயல்பவர் ஒருவர் வருகிறார் என்றால் அன்று பாட்டிலே திறப்பதில்லை. உங்கள் தெருக் குடும்பங்களில் யாராவது மீள நினைத்தால், அடையாறு இந்திரா நகரில் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை இதற்கென்றே சிகிச்சை தருகிறது. அழைத்துப்போக ஆள் வேண்டுமென்றால் பத்திரிகைக்கு எழுதுங்கள், நான் வருகிறேன்.

கேள்வி: ருசி பார்த்ததைத் துப்ப வேண்டுமாமே? பெரியவர்கள் முன்னால் எச்சில் துப்புவது எப்படி?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: தொழிலாகச் செய்பவர்கள் ஒரு நாளில் ஐம்பது, அறுபது வைன் பார்ப்பதால் துப்புகிறார்கள். வீட்டு விருந்தில் கட்டாயமில்லை. ஆனால் வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காததையும் மரியாதைக்காக விழுங்குவார்கள். வெற்றிலை போட்ட தலைமுறை வீட்டில் பித்தளைப் படிக்கம் இருந்தது; அகன்ற வாய், குறுகிய கழுத்து, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. என் பாட்டியின் படிக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்து அதையே வைத்திருக்கிறேன். மேஜைமேல் வேண்டாம், பக்கத்தில் ஒரு முக்காலிமேல், முதுகைத் திருப்பிக்கொண்டு போகும்படி வையுங்கள். கிளாஸில் மிஞ்சியதையும் அதிலேயே ஊற்றலாம்.

கேள்வி: மொண்டெபுல்சியானோ என்று இரண்டு பாட்டில், விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஏன்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: ஒன்று திராட்சையின் பெயர், இன்னொன்று ஊரின் பெயர். ‘மொண்டெபுல்சியானோ தப்ருட்சோ’ என்பது அப்ருட்சோ மாநிலத்தில் அந்தப் பெயருள்ள திராட்சையில் செய்தது. பெரும்பாலும் விலை குறைவு, பழச்சுவை, வீட்டு விருந்துக்கு அருமை. ‘வினோ நோபிலே தி மொண்டெபுல்சியானோ’ டஸ்கனியில் அந்த ஊரில் செய்வது, திராட்சையோ சான்ஜோவேசே.

கேள்வி: மீன் வறுவலோடு சிவப்பு வைன் குடித்தேன், வாயெல்லாம் கவிச்சி. மீன் கெட்டதா, வைன் கெட்டதா?
– வாசகி, ராயபுரம்

பதில்: இரண்டும் நன்றாகவே இருந்திருக்கும். வைனில் உள்ள இரும்பு, மீன் எண்ணெயோடு சேர்ந்ததும் அந்தக் கவிச்சி வரும். மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன்களில் அதிகம். அவற்றுக்கு வெள்ளை வைன் வையுங்கள், இல்லையென்றால் எலுமிச்சை பிழிந்த சோடா.

கேள்வி: ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி வீட்டில் இதை நடத்தலாமா? மிச்சமாகும் வைனை என்ன செய்வது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: கட்டணம் வாங்கி ஊற்றினால் அது விற்பனை, உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது. அப்படி ஆசையிருந்தால் உரிமம் உள்ள ஹோட்டலில் பேசி அங்கே நடத்துங்கள்.

மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காற்று படாமல் இருந்தால் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் ஆனால், அரைக் கிலோ எலும்போடு கூடிய ஆட்டுக்கறி, பத்துச் சின்ன வெங்காயம், ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு டம்ளர் வைன். குக்கரில் வேண்டாம், மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்து, அடி கனமான பாத்திரத்தில் சிறுதீயில் இரண்டு மணி நேரம். தண்ணீர் வற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தோசைக்கு நன்றாக இருக்கும்.