48 ஆண்டுகளுக்கு முந்தைய தண்டனையை எதிர்க்க முடியுமா?

கேள்வி: திருமணமாகி வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் வாழ்கிறேன். என் மாமனார் 1977இல், 16 வயதில், தெருக் கலவரத்தின்போது பிளாஸ்டிக் குண்டு பட்டு ஒரு கண்ணை இழந்தார். சில வாரங்கள் கழித்துப் போலீசார் அவரைப் பிடித்து மூன்று நாள் விசாரித்தனர். பெற்றோரோ வழக்கறிஞரோ உடன் இல்லை. அதே கலவரத்தில் பெட்ரோல் குண்டு வீசியதாகக் கையெழுத்திட்டார். ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) இல்லாத நீதிமன்றம் அவரைத் தண்டித்தது, மேல்முறையீடு செய்யவில்லை. இப்போது ஊனமுற்றோருக்கான உதவித்தொகை கேட்டால் இந்தத் தண்டனை குறுக்கே வருமா?

பதில்: வரும். வட அயர்லாந்து மோதல்களில் தம் தவறின்றி நிரந்தர ஊனமடைந்தோருக்காக 2021 ஆகஸ்ட் 31 அன்று திறக்கப்பட்ட உதவித்தொகைத் திட்டம், காயத்துக்குக் காரணமான சம்பவத்தை முழுமையாகவோ பகுதியாகவோ விளைவித்த செயலுக்காகத் தண்டிக்கப்பட்டவரை விலக்குகிறது. அவர் கண்ணை இழந்ததும் தண்டிக்கப்பட்டதும் ஒரே கலவரத்தை ஒட்டியவை என்பதால், முதலில் தண்டனையைத்தான் எதிர்க்க வேண்டும்.

அவரைத் தண்டித்தது டிப்லாக் நீதிமன்றம். சாட்சிகளும் ஜூரர்களும் மிரட்டப்படுகிறார்கள் என்று காரணம் காட்டி, 1972 டிசம்பரில் டிப்லாக் பிரபு அளித்த அறிக்கையின்படி 1973ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டம் இந்த முறையைக் கொண்டுவந்தது. அச்சட்டம் பட்டியலிட்ட குற்றங்களை ஜூரி இன்றி ஒரே நீதிபதி விசாரிப்பார். சித்திரவதையோ மனிதத்தன்மையற்ற அல்லது இழிவான நடத்துமுறையோ இல்லாதவரை வாக்குமூலம் ஏற்கப்படும். நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான வழக்கமான பொதுச் சட்டம் (common law) கேட்டதைவிட இது தளர்வான அளவுகோல். அன்றைய பல வழக்குகள் வாக்குமூலத்தை மட்டுமே தாங்கி நின்றதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

ஆனால் அதே சட்டம் இன்று உங்களுக்குக் கைகொடுக்கக்கூடிய ஒன்றையும் செய்தது. ஜூரி காரணம் சொல்வதில்லை. டிப்லாக் நீதிபதியோ தண்டிக்கும்போது காரணங்களைக் கூறித் தீர்ப்பளிக்க வேண்டும். எனவே எந்தச் சான்றின்மேல் தண்டனை நின்றது என்பதைப் பதிவிலிருந்து காட்ட முடியும். போலீசாரிடம் மட்டுமன்றி நீதிமன்றத்திலும் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அத்தகைய தீர்ப்பு இருக்காது. வழி கடினமாகும், அடைபடாது.

உங்கள் வலுவான வாதம் வயது. 17 வயதுக்குட்பட்டவரைப் பெற்றோரோ பொறுப்புள்ள வேறொருவரோ இல்லாமல் விசாரிக்கக் கூடாது என்ற விதி அன்றே இருந்தது. 2009இல் பெல்ஃபாஸ்ட் மேல்முறையீட்டு நீதிமன்றம், இளம் வயதில் இவ்விதிகள் மீறப்பட்டு வாங்கிய வாக்குமூலங்களின் மேல் நின்ற 1970களின் தண்டனைகளை ரத்து செய்தது. மேல்முறையீடு செய்யாதவர் என்பதால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு அவர் அந்நீதிமன்றத்தையே நேரடியாக அணுகலாம். முன்பே மேல்முறையீட்டில் தோற்றிருந்தால்தான் தவறான தண்டனைகளை ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அனுப்பும் குற்ற வழக்குகள் மீளாய்வு ஆணையத்தின் வழியே போக வேண்டியிருந்திருக்கும்.

குண்டைச் சுட்டதற்காக வழக்குப் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ரப்பர் குண்டும் பிளாஸ்டிக் குண்டும் அங்கே 17 உயிர்களைப் பறித்தன, அவர்களில் பாதியளவு சிறுவர் சிறுமியர். உடலின் கீழ்ப்பகுதியைக் குறிவைக்க வேண்டும் என்பது விதி என்பதால், முகத்தில் பட்ட காயமே ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஆனாலும் 1976இல் இறந்த 13 வயதுச் சிறுவனின் வழக்கில், கலவரத்தை அடக்க அந்த வலு தேவையாக இருந்தது என்று ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1984இல் ஏற்றுக்கொண்டது. 1972இல் ரப்பர் குண்டுக்குப் பலியான 11 வயதுச் சிறுவன் தொடர்பில், 2017 மரண விசாரணை நேர்மாறாக, சுட்டது நியாயமற்றது என்றது. இழப்பீட்டு வழக்குக்கான மூன்றாண்டுக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. மோதல் காலச் சம்பவங்கள் பற்றிய 2023ஆம் ஆண்டுச் சட்டம் புதிய இழப்பீட்டு வழக்குகளுக்குப் போட்ட தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் மனித உரிமைக்கு முரண் என்றாலும், அதை நம்பிக் கட்டணம் கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உதவித்தொகைத் திட்டத்துக்கு விண்ணப்பக் காலம் ஐந்தாண்டு என்று வரையறுத்திருந்தார்கள். ஆகையால் மேல்முறையீடு முடியட்டும் என்று காத்திருக்காமல், தண்டனையை மறைக்காமல் குறிப்பிட்டு, அதை எதிர்க்கும் மனு தாக்கலாகவுள்ளது என்ற விளக்கத்துடன் உடனே விண்ணப்பியுங்கள். தீர்ப்பின் பிரதி, காவல் நிலையத் தடுப்புப் பதிவு, அவரது பிறப்புச் சான்றிதழ், 1977ஆம் ஆண்டு மருத்துவமனைக் குறிப்பு ஆகிய நான்கையும் தேடத் தொடங்குங்கள். அங்குள்ள சொலிசிட்டர் (வழக்கறிஞர்) முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.