மதுரைப் பக்கம் சிறிய விமானத்தை வெட்டவெளியில் நிறுத்தினால் ஆடிக் காற்றுக்குத் தாங்குமா? எப்படிக் கட்டி வைப்பார்கள்?

பயிற்சி விமானங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது திருநகரில் குடியிருக்கிறேன். ஒழுங்காகக் கட்டினால் தாங்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், ஆடிக் காற்று யோக்கியமான காற்று. மலைக் கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து வரும். நாள் கணக்கில் திசை மாறாது. மூக்கை மேற்கே பார்த்து நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. பயப்பட வேண்டியது சித்திரை, வைகாசியில் வரும் கோடை இடிமழைக்கு. பகலெல்லாம் ஓர் இலை அசைந்திருக்காது. மாலையில் மேகம் திரண்டதும், மழைக்கு முன்பாகவே குளிர்ந்த காற்று மேலிருந்து இறங்கித் தரையில் மோதி நாலாபுறமும் சிதறும். அது எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது; மேகம் நகர நகரத் திசையும் புரண்டுவிடும். வால் பக்கமாக அடித்தால், வாலில் அசையும் பலகைகளான, பூட்டாத ரட்டரும் (இடவலமாகத் திருப்புவது) எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்குவது) படபடவென்று மோதி, கீல்கள் பிய்ந்துபோகும்.

விமானம் கனமான பொருள் என்று நினைக்க வேண்டாம். பயிற்சிக்குப் பழகிய செஸ்னா 152, ஆளும் எரிபொருளும் இல்லாமல் ஏறக்குறைய 500 கிலோதான். முழு எடையான 757 கிலோவுடன் அது மணிக்குச் சுமார் 90 கி.மீ. வேகத்திலேயே காற்றில் நிற்கும். காலியாக இருக்கும்போது எதிர்க்காற்று எழுபதைச் சற்றுத் தாண்டி, மூக்கும் கொஞ்சம் தூக்கிக்கொண்டால், ஓட்ட ஆளில்லாமலே எழும்பப் பார்க்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது வீசியது போல 120, 130 கி.மீ. காற்றென்றால் கயிறுகள் ஒரு டன்னுக்கு மேல் இழுபடக்கூடும். ஒற்றை எஞ்சின் விமானத்தைக் கட்டும் பிடிமானம் ஒவ்வொன்றும் சுமார் 1,360 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை சொல்வது வீண் எச்சரிக்கை அல்ல.

இங்கேதான் நம் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் கோடையில் முளை அடித்தால் பாறையில் அடித்தது போல நிற்கும். ஒரு நல்ல மழைக்குப் பிறகு அதே முளையைக் கையால் பிடுங்கலாம். காற்றும் மழையும் சேர்ந்துதானே வருகின்றன? ஆகவே முளையை நம்பாதீர்கள். குழி தோண்டிக் கான்கிரீட் போட்டு, அதில் இரும்பு வளையத்தைப் பதியுங்கள். மண்ணின் பிடியைக் கணக்கிலேயே எடுக்காமல் எடையால் மட்டும் தாங்கவேண்டும் என்றால், ஒவ்வொரு குழிக்கும் அரைக் கன மீட்டருக்கு மேல் கான்கிரீட் வேண்டும்.

கட்டுவது மூன்று இடத்தில்: இரண்டு இறக்கைகளின் அடியிலுள்ள வளையங்கள், வால். இறக்கையைத் தாங்கும் சாய்வுக் கம்பியின் நடுவில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பி வளைந்தால் இறக்கையே போச்சு. சணல் போன்ற நார்க் கயிறு நனைந்தால் சுருங்கி இறக்கையைக் கீழே இழுக்கும், அதனால் நைலான் கயிறுதான் நல்லது. அதையும் மதுரை வெயில் மெல்ல மெல்ல அரித்துவிடும். தொட்டால் சொரசொரவென்று தூள் கொட்டினால் மாற்றிவிடுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டாமல் ஓர் அங்குலம் அசைய விடுங்கள். அதற்கு மேல் தொய்வு விட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் வெட்டி வெட்டி இழுத்துக் கயிறு அறும்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகையான பிளாப் மேலே, எரிபொருள் முடிந்தவரை நிறைய, இவை வழக்கமானவை. புயல் எச்சரிக்கை இருந்தால் இறக்கையின் மேல், முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், நீளவாக்கில் மெத்தென்ற அடிப்பாகம் வைத்த மரச்சட்டத்தைக் கட்டுங்கள். காற்றோட்டம் அங்கே கலைந்து தூக்கும் விசை குறையும். பக்கத்தில் கொட்டகை காலியாக இருந்தால் இதெல்லாம் எதற்கு, உள்ளே தள்ளிவிடுங்கள்.

காற்றுக்காக ரட்டரையும் எலிவேட்டரையும் பூட்டுகிறோம் அல்லவா, அந்தப் பூட்டுக்குச் சிவப்புத் துணி கட்டித் தொங்கவிடுங்கள். 1935 அக்டோபர் 30 அன்று போயிங்கின் மாடல் 299 விமானம் அமெரிக்காவில் அந்தப் பூட்டை எடுக்காமலே கிளம்பி விழுந்தது. விமானிகள் இன்று கையில் வைத்துச் சரிபார்க்கும் பட்டியல் அந்த விபத்துக்குப் பிறகு வந்ததுதான்.