தி ஹூவின் முதல் ஆல்பம்: கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் எல்லோரும் சேர்ந்து கேட்பது என்று முடிவு செய்த ஆல்பம், பிரிட்டிஷ் ராக் குழுவான தி ஹூவின் 'மை ஜெனரேஷன்'. 1965 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் பிரன்ஸ்விக் லேபிளில் வெளிவந்தது. மொத்தம் பன்னிரண்டு பாடல்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் இவர்களின் பிற்கால ஆல்பங்களான 'டாமி', 'ஹூஸ் நெக்ஸ்ட்' கேட்டு வளர்ந்தவன். இந்த ஆல்பம் கரடுமுரடாகத்தான் தெரிகிறது. தலைப்புப் பாட்டைத் தவிர இதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: இன்னொரு தடவை கேளுங்கள். பாடகரையும் கிட்டாரையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பாஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் மட்டும் பின்தொடருங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பதிவுகள் பலவற்றில் பாஸ் எங்கோ பின்னால் முனகிக்கொண்டிருக்கும். இங்கே ஜான் என்ட்விஸில் முன்னால் வந்து பேசுகிறார். கீத் மூன் டிரம்ஸில் சும்மா தாளம் போடுவதில்லை, பாடகரின் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்கிறார். பீட் டௌன்ஷெண்டின் கிட்டார் பெரும்பாலும் கார்ட்ஸ்தான் (பல ஸ்வரங்களை ஒன்றாக மீட்டுவது), தனி ஆவர்த்தனம் குறைவு. வழக்கமாகத் துணைக்கு இருக்கும் வாத்தியங்கள் தலைமை ஏற்று, தலைமை வாத்தியம் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆல்பத்தில் நீங்கள் ரசிக்கிற அத்தனைக்கும் விதை இதுதான். மெருகு இல்லை என்பது உண்மை. எனக்கு அந்த மெருகு தேவைப்படவே இல்லை.

கேள்வி: நான் மிருதங்கம் கற்றவன். இந்த டிரம்மர் காலப்பிரமாணத்தில் நிற்கிறாரா, இல்லையா என்றே புரியவில்லை.

பதில்: நிற்கிறார். ஆனால் நேராக நிற்பதில்லை. காலப்பிரமாணத்தைத் தெரிந்துகொள்ள டௌன்ஷெண்டின் வலது கையைக் கவனியுங்கள். மூன் அதைச் சுற்றி உருட்டிக்கொண்டே இருப்பார், சிம்பலை விடவே மாட்டார். 'தி ஆக்ஸ்' என்ற வாத்திய இசையை முதலில் கேளுங்கள். மூனுக்குக் கலிபோர்னிய சர்ஃப் இசை (கடலலைச் சறுக்கு இளைஞர்களின் இசை) என்றால் உயிர், அந்த ஆவேசம் முழுக்க அதில் இருக்கிறது. அதில் பியானோவை அடித்து நொறுக்குபவர் நிக்கி ஹாப்கின்ஸ். குழுவில் சேராமல் ஸ்டூடியோக்களில் வாசித்து வந்த அபாரமான கலைஞர். பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் பதிவுகளிலும் இவர் விரல்களைக் கேட்கலாம். 'தி ஆக்ஸ்' பாட்டுக்கு இயற்றியவர்கள் என்று டௌன்ஷெண்ட், மூன், என்ட்விஸில் பெயர்களோடு இவர் பெயரையும் போட்டார்கள். நியாயமான காரியம்.

கேள்வி: தலைப்புப் பாட்டில் நடுவில் வருவது பாஸ் சோலோவா? பாஸ் வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அந்த உலோகச் சத்தம் எப்படி வருகிறது அண்ணா?

பதில்: பாஸேதான் தம்பி. ஹிட்டான ஒரு ராக் பாட்டில் பாஸுக்கு இப்படி இடம் கொடுத்தது அன்று யாரும் எதிர்பார்க்காத விஷயம். குரலும் கூட்டுக்குரலும் கேள்வி-பதில் மாதிரி போய்க்கொண்டிருக்கும்போது, எல்லோரும் கிட்டாரை எதிர்பார்க்கிற இடத்தில் என்ட்விஸில் நுழைகிறார்.

சத்தத்தைப் பற்றி அவரே சொன்ன கதை ஒன்று உண்டு. டேன்எலெக்ட்ரோ என்ற அமெரிக்க பாஸில் தந்திகள் மெல்லியவை, கணீரென்று பேசும். அதில்தான் அந்த சோலோவை வேகமாக வாசித்துப் பார்த்தார். தந்தி அறுந்தது. லண்டன் கடைகளில் மாற்றுத் தந்தி தனியாகக் கிடைக்கவில்லை, தந்திக்காக இன்னொரு பாஸையே வாங்க வேண்டியிருந்தது. அதுவும் அறுந்தது. கடைசியில் ஃபெண்டர் ஜாஸ் பாஸில், சோலோவைக் கொஞ்சம் எளிமையாக்கி வாசித்தார். நாம் கேட்பது அந்த எளிய வடிவத்தை! நீங்கள் பழகும்போது வேகத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு சொற்கட்டுக்கும் நடுவே அவர் விடும் இடைவெளியைப் பிடியுங்கள். அங்கே மூன் என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் சோலோ முழுதாகும்.

அப்புறம், பாட்டின் பின்பாதியில் சுருதி ஏறிக்கொண்டே போவதைக் கவனித்தீர்களா? ஜி-யில் தொடங்கி ஏ, பி ஃபிளாட், சி என்று படி ஏறும். கடைசியில் எல்லாம் சரிந்து ஃபீட்பேக்கும் (ஒலிபெருக்கியின் சத்தம் கிட்டாருக்கே திரும்பி எழும் ஊளை) டிரம்ஸுமாக முடிகிறது.

கேள்வி: பாடகர் ஏன் திக்கித் திக்கிப் பாடுகிறார்? திக்குவாய் உள்ளவர்களைக் கேலி செய்வது போல் இல்லையா?

பதில்: அன்று பிபிசிக்கும் இதே கவலை வந்தது. முதலில் ஒலிபரப்பத் தயங்கினார்கள், பாட்டு மேலே ஏற ஏற மனம் மாறினார்கள். பிரிட்டனில் அது 2-ஆம் இடம் வரை போனது. திக்கலுக்குக் குழுவினரும் உடனிருந்தவர்களும் சொல்லும் காரணங்கள் ஒன்றுக்கொன்று வேறு. மாத்திரை போட்டுக்கொண்டு இரவெல்லாம் ஆடிய, மாட் என்ற நாகரிகக் கூட்டத்து இளைஞர்களின் பேச்சு அது என்பது ஒன்று. பழைய ப்ளூஸ் பாடகர்களிடமிருந்து எடுத்தது என்பது இன்னொன்று. எனக்கு அது கேலியாகப் படவில்லை. மனத்தில் உள்ளதைச் சொல்ல வார்த்தை வராமல் தடுமாறும் இருபது வயசுப் பையனின் கோபமாகவே கேட்கிறது. ரோஜர் டால்ட்ரி இந்த ஆல்பத்தில் மிகச் சிறப்பாகப் பாடியிருப்பதும் இதைத்தான்.

பாட்டு பிறந்ததற்கும் டௌன்ஷெண்ட் ஒரு கதை சொல்வார். அவர் வைத்திருந்த பழைய பேக்கர்ட் சவ ஊர்தியைத் தெருவில் நிறுத்தியிருந்தாராம். அந்த வழியாகப் போகும், அன்றைய ராணி எலிசபெத்தின் அம்மாவுக்கு அது பிடிக்காமல், அப்புறப்படுத்தச் செய்துவிட்டாராம். அந்த எரிச்சல் வரிகளில் இருக்கிறது.

கேள்வி: அமெரிக்க சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பாட்டு இரண்டை ஏன் போட்டார்கள்?

பதில்: அப்போது மேடையில் அவர்கள் பாடிக்கொண்டிருந்தது அதைத்தான். 1965 ஏப்ரலில் ஆல்பத்துக்காகப் பதிவு செய்தவற்றில் பெரும்பாலானவை பிறர் பாடல்கள். அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டு, அக்டோபரில் டௌன்ஷெண்டின் சொந்தப் பாடல்களோடு திரும்ப வந்தார்கள். தலைப்புப் பாட்டு அக்டோபர் 13 அன்று லண்டன் ஐபிசி ஸ்டூடியோவில் பதிவானது. பழைய திட்டத்தின் மிச்சம்தான் ஜேம்ஸ் பிரவுனின் இரண்டும் போ டிட்லியின் ஒன்றும். வெளிப்படையாகச் சொன்னால் ஜேம்ஸ் பிரவுன் பாடல்களில் டால்ட்ரி குரலை வலிந்து பிழிகிறார். அவற்றைத் தாண்டிப் போனால் நஷ்டம் இல்லை.

கேள்வி: லீட் கிட்டார் வாசித்தவர், பின்னாளில் லெட் செப்பெலின் குழுவில் புகழ்பெற்ற ஜிம்மி பேஜ் என்கிறார்களே?

பதில்: இந்த ஆல்பத்தில் இல்லை. 1965 ஜனவரியில் வந்த 'ஐ கான்ட் எக்ஸ்ப்ளெயின்' சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு இசைத்தட்டு) பதிவுக்கு பேஜ் வந்திருந்தார், அதிலிருந்து கிளம்பிய பேச்சு இது.

கேள்வி: மோனோ, ஸ்டீரியோ என்று பல பதிப்புகள் கிடைக்கின்றன. எதைக் கேட்பது?

பதில்: மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்; ஸ்டீரியோவில் இடது, வலது என்று பிரியும்). சந்தேகமே வேண்டாம். காரணம் கொஞ்சம் பெரிய கதை.

தயாரிப்பாளர் ஷெல் டால்மி, லண்டனில் வேலை செய்த அமெரிக்கர். கின்க்ஸ் குழுவின் ஆரம்ப ஹிட்களும் இவர் கைவண்ணம்தான். குழுவோடு போட்ட ஒப்பந்தத்தில் பதிவுகள் இவர் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆல்பம் வந்த கொஞ்ச நாளில் குழு இவரை விட்டு விலகியது. வழக்கு வந்தது. 1966 மார்ச்சில் 'சப்ஸ்டிட்யூட்' சிங்கிள் வேறு லேபிளில் வந்தபோது, பின்பக்கப் பாட்டுக்கு டால்மி தடை வாங்கினார். அந்த இடத்தில், தி ஹூ ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் கிரஹாம் பாண்ட் குழு வாசித்த ஒன்றைப் போட்டு விற்றார்கள். பிரன்ஸ்விக்கும் சும்மா இருக்கவில்லை. இந்த ஆல்பத்திலிருந்து 'எ லீகல் மேட்டர்' பாட்டைப் போட்டிக்கு சிங்கிளாக இறக்கியது. தலைப்பைப் பாருங்கள், 'ஒரு சட்ட விவகாரம்'! கடைசியில் சமரசமாகி, அடுத்த ஐந்து வருடங்களுக்குக் குழுவின் பதிவுகளில் டால்மிக்கு 5 சதவீதம் பங்கு போனது.

மூல நாடாக்கள் டால்மியிடமே தங்கிவிட்டன. அதனால் 2002 வரை முறையான ஸ்டீரியோ பதிப்பு வரவில்லை. வந்தபோது டால்மிதான் மிக்ஸ் செய்தார். கருவிகள் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும், ஆனால் தலைப்புப் பாட்டிலேயே ஒரு கிட்டார் காணோம். 1965-இல் மோனோ மிக்ஸ் செய்யும்போதே நேரடியாக வாசித்துச் சேர்த்த பகுதிகள் அந்த நாடாக்களில் இல்லை. 2016-இல் வந்த பெட்டித் தொகுப்பில், விட்டுப்போனவற்றை டௌன்ஷெண்ட் புதிதாக வாசித்துச் சேர்த்த ஸ்டீரியோவும் இருக்கிறது. ஆர்வத்துக்குக் கேட்கலாம். ஆனால் ஐபிசியில் அந்த வருடம் நடந்தது முழுதாக இருப்பது மோனோவில் மட்டும்தான். எல்லாம் ஒரே குவியலாக முகத்தில் வந்து மோதும், மோதத்தான் வேண்டும்.

கேள்வி: தலைப்புப் பாட்டுதான் சிறந்ததா?

பதில்: எனக்கு 'தி கிட்ஸ் ஆர் ஆல்ரைட்'. குழுவின் மேலாளர்களில் ஒருவரான கிட் லாம்பர்ட் இசையமைப்பாளர் கான்ஸ்டன்ட் லாம்பர்ட்டின் மகன். அவர் மூலம் டௌன்ஷெண்ட், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய இசையமைப்பாளர் பர்செலைக் கேட்க ஆரம்பித்தார். ஒரு ஸ்வரத்தைப் பிடித்துவைத்துத் தாமதமாக விடுவிக்கும் அந்தக் கார்ட்ஸ் டௌன்ஷெண்டுக்கு நிரந்தரச் சொத்தாகிவிட்டது. இந்தப் பாட்டின் இனிமையில் அது இருக்கிறது. நடுவில் திடீரென்று எல்லோரும் சேர்ந்து இரைகிறார்கள், அமெரிக்கப் பதிப்பில் அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். எனவே பிரிட்டிஷ் பதிப்பையே தேடுங்கள்.

அடுத்தது 'தி குட்ஸ் கான்'. ஆல்பத்திலேயே நீளமானது, நான்கு நிமிடம். டால்ட்ரி அடித்தொண்டையில் கசப்போடு பாட, கிட்டார் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது எனக்கு நீண்டநாள் ஆதங்கம்.

கேள்வி: அடுத்து எதைக் கேட்கலாம்?

பதில்: 1966 டிசம்பரில் வந்த 'எ குயிக் ஒன்'. அதன் கடைசிப் பாட்டு ஒன்பது நிமிடம், ஆறு துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு குட்டி ஓபரா. 'டாமி' கேட்டு வளர்ந்த நண்பர் அதிலிருந்து தொடங்கினால் 1969-இல் வந்த அந்த ஆல்பத்துக்கு அவர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.