கைமாற்றுக்கு ஒரு கையெழுத்து

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் ஆசிரியை. என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி, வீட்டுக் கூரை வேலைக்கென்று 2023 ஒக்டோபரில் மூன்று லட்சம் ரூபா கைமாற்றாக வாங்கினாள். இரண்டரை லட்சத்தை வங்கியில் எடுத்தேன், மீதிக்குக் காப்பை அடைவு வைத்தேன். எழுத்து எதுவும் வாங்கவில்லை. 2024 நல்லூர்த் திருவிழா நேரம் பதினையாயிரம் என் கணக்கில் போட்டாள். அதன்பிறகு "அவர் கட்டாரிலயிருந்து அனுப்பினதும் தாறன்" என்றாள். இப்போது ஃபோனே எடுப்பதில்லை. புது ஸ்கூட்டரில் போகிறாள். பொலிஸில் போடவா, முகநூலில் படத்தோடு போடவா?

பதில்: பிள்ளை, முகநூலை மறந்துவிடுங்கள். படத்தோடு போட்டால் கடன் கதை மானநஷ்டக் கதையாகி, வழக்குப் போடுகிறவர் அவராகிவிடுவார். பொலிஸில் முறைப்பாடு எழுதுவார்கள், கூப்பிட்டுப் பேசவும் கூடும். ஆனால் கைமாற்று சிவில் விடயம், அதை வசூலித்துத் தருவது அவர்கள் வேலையல்ல. ஸ்கூட்டரையும் விடுங்கள், லீசிங்கில் எடுத்ததாயிருக்கும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கராக இருந்தவன். கடன் என்று வருகிறவர்கள் அரைமணி நேரம் சிநேகிதத்தின் கதையைச் சொல்லுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "துண்டு ஏதும் இருக்கோ?" சுன்னாகத்து வாழைக்குலை வியாபாரி ஒருவர் கலண்டர் தாள் ஒன்றை மடித்துக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் பென்சிலால் தொகை, திகதி, கீழே கடன்காரரின் கையெழுத்து. மடிப்பில் கிழிந்து, வாழைக்கறை வேறு. எதிராளி அதைப் பார்த்தபின் வழக்கு வரை போகவேயில்லை.

உங்களிடம் ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். வங்கியில் எடுத்த நாளும் அடைவுச் சீட்டின் திகதியும் ஒத்துப்போகும். அவர் போட்ட பதினையாயிரம் இன்னும் பெறுமதியானது. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எழுத்தில்லாத கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடந்தான் காலம், எழுத்திலான உடன்படிக்கைக்கு ஆறு வருடம். பகுதிப் பணம் தந்தால் கணக்கு அந்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும். ஆக உங்களுக்கு 2026 ஒக்டோபர் அல்ல, 2027 ஓகஸ்ட் வரை இடமிருக்கிறது. ஆனால் அவர் வாயால் நூறு தரம் "தாறன்" என்றாலும் ஒரு நாள்கூட நீளாது. வைபரில் எழுதியிருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

ஆகவே போய்ப் பணத்தைக் கேட்காதீர்கள், கையெழுத்தைக் கேளுங்கள். "மூன்று லட்சம் வாங்கினேன், பதினையாயிரம் கொடுத்தேன், இரண்டு லட்சத்து எண்பத்தையாயிரம் தரவேண்டும், மாதம் இவ்வளவு தருவேன்" என்று அவர் கையாலேயே எழுதட்டும். திகதியும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டும். பணம் இல்லாதவருக்கும் இது கஷ்டமில்லை. மாதம் பத்தாயிரம் என்றாலும் சம்மதியுங்கள், காப்பின் வட்டிக்காவது உதவும்.

எழுதித் தராவிட்டால் சட்டத்தரணி மூலம் பதிவுத்தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம், அப்புறம் அவர் வசிக்கும் பகுதியின் இணக்க சபை, அதாவது இரு பக்கத்தையும் இருத்திப் பேசிச் சமரசம் பார்க்கும் மத்தியஸ்த சபை. இந்தத் தொகைக்கு நேரே நீதிமன்றம் போகமுடியாது. 1988இன் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் அங்கேதான் போகவேண்டும். சட்டத்தரணிகள் அங்கே பேசமுடியாது என்பதால் செலவில்லை. பெரும்பாலும் சனி, ஞாயிறில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள். மாணவர் வாங்கில் பக்கத்துப் பக்கமாக உட்காரவைத்தால், படித்த காலம் ஞாபகம் வந்தோ என்னவோ, சிலர் இறங்கிவருவதைக் கண்டிருக்கிறேன். இணங்காவிட்டால் இணக்கம் வரவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், அதோடுதான் நீதிமன்றம்.

முதல்முறை போகும்போது சாட்சிக்கு உங்கள் தங்கையையோ அவருக்கும் தெரிந்த ஒருவரையோ கூட்டிப்போங்கள். ஒரு தாளும் பேனாவும் கைப்பையில் இருக்கட்டும். அவர் வீட்டில் பேனா தேடுகிற நேரத்துக்குள் மனம் மாறிவிடும்.