பெரியம்மாவின் பென்ஷன் கார்டு வட்டிக்காரரிடம் இருக்கிறது, எப்படி மீட்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 67 வயது. அரசாங்கத்தின் சமூக உதவி அமைப்பான சஸ்ஸா தரும் முதியோர் பென்ஷன்தான் வருமானம். ஜனவரியில் பேத்திக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்கத் தெருவில் ஒருவரிடம் 1,000 ராண்ட் கடன் வாங்கினார். கார்டும் பின் நம்பரும் அவரிடமே இருக்கின்றன. மாதம் 500 ராண்டை வட்டி என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுக்கிறார். எட்டு மாதமாகியும் அசல் குறையவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: எட்டு மாதத்தில் 4,000 ராண்ட் கொடுத்தாயிற்று, கடன் இன்னும் 1,000 நிற்கிறது. கடனை அப்புறம் பார்க்கலாம், முதலில் கார்டை மீட்டுவிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எங்கெங்கோ புரட்டி அசலைக் கட்டிக் கார்டை வாங்கி வருவார்கள். அடுத்த ஜனவரியில் அது திரும்ப அவரிடமே போய்விடும். இப்படிப்பட்ட ஒருவரின் பிஸ்கட் டின்னை நான் பார்த்திருக்கிறேன். ரப்பர் பேண்ட் போட்ட கார்டுக் கட்டுகள், ஒவ்வொரு கார்டின் முதுகிலும் பின் நம்பர் எழுதி ஒட்டிய துண்டுச்சீட்டு. அந்தக் கையெழுத்துகளில் பாதி நடுங்கிப்போன கிழவிகளின் கையெழுத்து.

பணம் திரும்பாமல் போகலாம் என்ற பயம் இருந்தால் வட்டி ஏறும், அது நியாயம். மஷோனிசா என்று இங்கே சொல்லும் இந்தத் தெரு வட்டிக்காரருக்கு அந்தப் பயமே இல்லை. மாதப் பிறப்பில் அரசாங்கம் போடும் பணத்தை முதலில் எடுப்பவரே அவர்தான். நாட்டிலேயே பத்திரமான கடனுக்கு மாதம் 50 விழுக்காடு வட்டி வாங்குகிறார். பதிவு செய்துகொண்டு கடன் கொடுப்பவர் ஆறு மாதத்துக்குள் அடையும் சிறு கடனுக்கு மாதம் 5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, அதே ஆண்டில் அவரிடமே மறுபடி வாங்கினால் 3 விழுக்காடு. கட்டணங்கள் தனி, அவற்றுக்கும் உச்சவரம்பு உண்டு. கையில் இல்லாதவரிடம்தான் எல்லாம் கூடுதல் விலைக்கு விற்கிறது, கடனும் அப்படித்தான்.

சட்டம் முழுக்க உங்கள் பெரியம்மா பக்கம் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டின் சமூக உதவிச் சட்டப்படி, அமைச்சரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் இந்தப் பென்ஷனை அடகு வைக்க முடியாது. கடனுக்காக ஒருவரின் ஐடி, வங்கிக் கார்டு, பின் நம்பர் எதையும் பிடித்து வைத்துக்கொள்வது 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி குற்றம்.

அதனால் வட்டிக்காரர் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடாதீர்கள், தனியாகப் போகவும் வேண்டாம். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு முதலில் வங்கிக்குப் போங்கள். அவர் பெயரிலேயே ஒரு கணக்கு திறந்து, புதுக் கார்டு அவர் கையில் வந்த பிறகு சஸ்ஸா அலுவலகத்துக்குப் போய், பென்ஷனை இனி இந்தக் கணக்கில் போடச் சொல்லிப் படிவம் கொடுங்கள். அவரே நேரில் வர வேண்டும். மாதக் கடைசி வரை காத்திருந்தால் அடுத்த பணமும் பழைய கார்டுக்கே போய்விடும், ஆகவே மாத முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். சஸ்ஸாவின் இலவசத் தொலைபேசி எண் 0800 60 10 11. ஐடியும் வட்டிக்காரரிடம் இருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் சத்தியக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு உள்துறை அலுவலகத்தில் புதிது கேளுங்கள். மிரட்டல் வந்தால் தயங்காமல் புகார் கொடுங்கள்.

சரி, அந்த 1,000? பதிவில்லாமல் கடன் கொடுப்பவரின் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, மேற்கொண்டு என்ன என்பதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும். 1,000 வாங்கி 4,000 கொடுத்தவரிடம் இன்னும் கேட்க எதுவும் இல்லை என்பதுதான் என் கருத்து. லீகல் எய்ட் அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

இந்தப் பென்ஷன் நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. 1928-இல் இது தொடங்கியபோது இந்தியர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இல்லை. 1944-இல் கொடுத்தார்கள், வெள்ளையர்களைவிடக் குறைவாக. தொகை எல்லோருக்கும் ஒன்றானது 1993-இல்தான். பாட்டி கையில் பென்ஷன் வந்த வீடுகளில் பேத்திகளின் உடல் எடை தேறியதை, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ இந்த நாட்டுக் கணக்குகளை வைத்தே காட்டினார். தாத்தா கையில் வந்தபோது அந்த மாற்றம் தெரியவில்லை. பெரியம்மாவிடமிருந்து மாதாமாதம் போகும் 500 ராண்ட் அந்தப் பிள்ளையின் தட்டிலிருந்து போகிறது.

மறுபடி கடன் வாங்காமல் இருக்க வழி வேண்டும். யூனிஃபார்ம் செலவு ஜனவரியில் வரும் என்பது பிப்ரவரியிலேயே தெரியும். தெருவில் நம்பிக்கையான பத்துப் பெண்கள் மாதம் 100 ராண்ட் போட்டு, டிசம்பரில் பிரித்துக்கொள்ளும் சேமிப்புச் சீட்டு போதும். பக்கத்து வீட்டார் ஸ்டாக்ஃபெல் என்று செய்வதும் இதுதான்.

இன்னொன்று. பேத்தியை வளர்ப்பது பெரியம்மாதான், அவள் பெயரில் வேறு யாரும் வாங்கவில்லை என்றால், பிள்ளை வளர்ப்பு உதவித்தொகைக்கு அவரே விண்ணப்பிக்கலாம். 2025-இல் அது மாதம் 560 ராண்ட், 18 வயது வரை உண்டு. பென்ஷன் வாங்குபவருக்கு இது கிடையாது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். பேத்தியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, படிவம் கொடுக்கப் போகும் அன்றைக்கே இதையும் கேட்டுவிடுங்கள். இன்னொரு நாள் டாக்ஸிக் காசு மிச்சம்.