அப்பா அனுப்பிய ஆடியோவைத் திறந்தீர்களா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஐடி வேலை. பாட்டு என்றால் உயிர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிதாக வந்த பாட்டுகளில் பத்தைப் பொறுக்கி, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போடுவேன். தமிழ் ராப், மெட்டல், ஆப்பிரிக்கப் பாட்டு, கஸல், லோ-ஃபை என எல்லா வகையும் இருக்கும். யாரும் கேட்பதில்லை. அக்கா பதிலே போடுவதில்லை. மன்னார்குடியில் இருக்கும் அப்பா (66 வயது) கட்டைவிரலைக் காட்டுவதோடு சரி. ஒரே ஒரு தடவை அவர் நாதஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் என்று 23 நிமிட ஆடியோ ஒன்று அனுப்பினார். போனில் இடமில்லாததால் நான் இறக்கவில்லை. இவர்கள் ரசனையை எப்படி வளர்ப்பது? எப்படிப் பட்டியல் போட்டால் கேட்பார்கள்?
- ச., வேளச்சேரி

பதில்: போனில் இடமில்லையா தம்பி? வாரம் பத்துப் பாட்டு தேடுகிற போனில், அந்த ஒரு ஆடியோவுக்கு மட்டும் இடமில்லாமல் போய்விட்டதா?

உங்கள் கடிதத்தில் நான் நின்றது அந்த ஒரு வரியில்தான். 'யாரும் நான் சொல்வதைக் கேட்பதில்லை' என்று எனக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சரி, நீங்கள் யார் சொன்னதைக் கேட்டீர்கள் என்று திருப்பிக் கேட்டால் மறு கடிதம் வருவதில்லை.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ராஜரத்தினம் பிள்ளை காலமானது 1956 டிசம்பரில். உங்கள் அப்பா பிறந்ததே அதற்குச் சில வருஷம் கழித்து. அப்படியென்றால் அவர் அந்த நாதஸ்வரத்தை நேரில் கேட்டதில்லை. யாரோ அவரிடம் 'இதைக் கேளுடா' என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தாத்தாவா, பக்கத்து வீட்டுக்காரரா, வானொலியா? உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை. இன்னொன்று: அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷம்தான் அடங்கும். 23 நிமிஷம் என்றால் வானொலிப் பதிவாகவோ கச்சேரிப் பதிவாகவோ இருக்க வேண்டும், அல்லது யாரோ பொறுமையாகத் துண்டுகளைக் கோர்த்திருக்க வேண்டும். 66 வயது மனுஷர் அதைத் தேடிப் பிடித்து, குரூப்பில் எப்படிப் போடுவது என்று தடுமாறி அனுப்பியிருக்கிறார். வாழ்நாளில் உங்களுக்கு அவர் சிபாரிசு செய்த ஒரே பாட்டு அதுவாகக்கூட இருக்கலாம். பெற்றவர் கொடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காத பிள்ளை, அவர் ரசனையை வளர்க்கப் போகிறேன் என்கிறது. என்னைப் பழைய ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

அப்பா கேட்பதில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? போட்டுப் பார்த்திருப்பார். போன் ஸ்பீக்கரில் அடிச்சுருதி எழும்பாது. உங்கள் ராப்பின் பாஸ் முழுக்கக் காணாமல் போய், மேலே டிக் டிக் என்ற சத்தம்தான் மிஞ்சும். வயதாக ஆக முதலில் மங்குவது உச்ச ஒலிகள். க, ச, த எல்லாம் கலங்கிப்போய், வேகமாகச் சொல்கிற வார்த்தை பிடிபடாது. ஒன்றுமே புரியாத பாட்டுக்கும் மகன் அனுப்பினானே என்று கட்டைவிரலைப் போடுகிறார் பாருங்கள், அதற்கு மேல் என்ன மரியாதை எதிர்பார்க்கிறீர்கள்?

பட்டியல் போடுகிற பழக்கத்தை விடுங்கள். பந்தியில் உட்கார்ந்தவுடன் பத்துப் பதார்த்தத்தையும் ஒரே கையால் கவிழ்த்தால் யார் சாப்பிடுவார்? ஒருவருக்கு ஒன்று, ஏன் அவருக்கு என்று இரண்டு வரி. அவர் காதில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து அடுத்த படி.

நாதஸ்வரக் காதுக்கு முதல் படி கத்ரி கோபால்நாத். நாதஸ்வரக்காரரின் மகன்; மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதிலேயே கர்நாடக இசையை வாசித்தவர். அதிலிருந்து ஜாஸ் வெகு தூரமில்லை. அடுத்தது சக்தி குழு. 1970களில் ஆங்கிலேயக் கிதார்க்காரர் ஜான் மெக்லாக்லினும் ஜாகிர் உசேனும் வாசித்த அந்தக் குழுவில் கடம் விக்கு விநாயக்ராம். 2024இல் அதே குழு கிராமி வாங்கியபோது கஞ்சிராவோடு இருந்தவர் அவர் மகன் செல்வகணேஷ். இந்தக் குழுவை உங்கள் அப்பாவுக்கு எதற்கு அனுப்பச் சொல்கிறேன் என்று உங்களுக்கே புரியும். மேற்கத்திய இசை வேண்டுமென்றால் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் இளையராஜா சமர்ப்பித்த 1986ஆம் வருஷத்து 'ஹவ் டு நேம் இட்'. ஆப்பிரிக்காவுக்கு மாலி நாட்டின் அலி ஃபர்கா தூரே. அவசரமில்லாத கிதார், மொழி தெரியவே வேண்டாம். ராப்பை விட மனசில்லை என்றால் ராப் பாடகர் அறிவு எழுதிய 'எஞ்சாய் எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டியின் கதை அதில் இருக்கிறது. முதலில் வரிகளைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டுப் பாட்டைப் போடுங்கள். வயலும் ஏரியும் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மெட்டல் உங்களோடேயே இருக்கட்டும்.

அக்காவுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள், போதும்.

இந்த வெள்ளிக்கிழமை லிங்க் கிடையாது. அந்த ஆடியோவை இப்போது இறக்கப் பார்ப்பீர்கள், இறங்காது. நாளாகிவிட்டால் அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்லும் வாட்ஸ்அப். 'போன் ரிப்பேர், அழிஞ்சு போச்சுப்பா' என்று கதை விடாதீர்கள். 'நான் இன்னும் கேட்கலைப்பா, திரும்ப அனுப்புங்க' என்று சொல்லுங்கள். முடிந்தால் நேரிலேயே போங்கள், ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. போகும்போது உருப்படியான ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். அதைத் திரும்ப எடுத்து வராதீர்கள்.