வாசகர் கேள்வி – பதில்: பழைய டெமோ, புதிய கணினி

கணினி உலகில் "டெமோ" என்று அழைக்கப்படுவது விளையாட்டும் அல்ல, படமும் அல்ல. ஒரு குறிப்பிட்ட கணினியால் இதெல்லாம் ஆகாது என்று அதைத் தயாரித்தவர்களே எண்ணியிருந்த ஒன்றைச் செய்து காட்டுவதற்காகவே எழுதப்பட்ட நிரல் அது. 1980-களில், விளையாட்டுகளின் நகல் தடுப்பை உடைத்த ஐரோப்பிய இளைஞர்கள், உடைத்தவர் யார் என்பதை முகப்பில் எழுத்தாக ஓடவிட்டார்கள். உடைக்கும் வேலையை விட்டு அந்த முகப்பு மட்டும் தனிக் கலையாக வளர்ந்தது. அந்தக் கலையை 2020-இல் ஃபின்லாந்தும் 2021-இல் ஜெர்மனியும் தத்தம் நாட்டின் வாழும் மரபுப் பட்டியலில் சேர்த்தன. சென்ற இதழில் இதைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். அவற்றில் அடிக்கடி வரும் "எமுலேட்டர்" என்பது, இன்றைய கணினியைப் பழைய கணினி ஒன்றைப் போல நடந்துகொள்ளச் செய்யும் நிரல்: டாஸ்பாக்ஸ் பழைய பிசியையும், வைஸ் கமடோர் 64 என்ற வீட்டுக் கணினியையும், வின்யுஏஇ அமிகா என்ற வீட்டுக் கணினியையும் நடித்துக் காட்டும்.

கேள்வி: ஃபியூச்சர் க்ரூ குழுவின் "செகண்ட் ரியாலிட்டி"யை டாஸ்பாக்ஸில் ஓட்டினேன். படம் ஊர்கிறது, இசை விக்குகிறது. என் கணினியோ போன ஆண்டு வாங்கியது. வேகத்தை "மேக்ஸ்" என்று மாற்றினால் படம் பரவாயில்லை; ஆனால் இசை அவ்வப்போது அறுந்துபோகிறது.

பதில்: உங்கள் கணினியின் மீது குறையில்லை. நாம் எதுவும் சொல்லாமல் விட்டால், இந்த வகைப் பழைய நிரல்களை டாஸ்பாக்ஸ் ஒரு மில்லி விநாடிக்கு 3000 கட்டளைகள் என்ற கணக்கில்தான் ஓட்டும். அது தொடக்ககால 386 செயலி கொண்ட கணினியின் நடை. 1993-இல் ஃபின்லாந்தின் அசெம்ப்ளி விழாவில் முதற்பரிசு பெற்ற இந்த டெமோவோ அதற்கு அடுத்த தலைமுறைச் செயலியான 486-ஐ மனத்தில் வைத்து எழுதப்பட்டது. "மேக்ஸ்" என்பது, உங்கள் கணினி அந்தக் கணத்தில் தரக்கூடியதை எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்வதாகும். பின்னணியில் வேறு ஏதாவது வேலை தொடங்கினால் அந்த அளவு இறங்கும், முடிந்தால் ஏறும். உண்மையான 486 எதுவும் இப்படி மூச்சு வாங்கியதில்லை. ஆகவே அமைப்புக் கோப்பில் "சைக்கிள்ஸ்" என்ற இடத்தில் 25000 என்று நிலையான எண்ணைக் கொடுங்கள். அது 66 மெகாஹெர்ட்ஸ் 486-க்கு ஏறத்தாழ ஈடாகும். டெமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல் விசையுடன் எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும்.

இன்னொன்றையும் செய்யுங்கள். தொடக்கத்தில் சவுண்ட் கார்டு எது என்று டெமோ கேட்கும்போது பலரும் சவுண்ட் பிளாஸ்டரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அந்தக் கார்டுக்குப் பல தடங்களில் உள்ள இசையை ஒன்றாகக் கலந்து கொடுப்பது செயலியின் பொறுப்பு; படம் வரையவேண்டிய நேரத்தில் ஒரு பகுதி அதற்கே போய்விடும். 1992-இல் வந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டோ, ஒலித்துண்டுகளைத் தன் சொந்த நினைவகத்தில் வைத்துக்கொண்டு தானே கலந்துகொள்ளும். அக்காலத்து டெமோ எழுதியவர்கள் அந்தக் கார்டைக் கொண்டாடியதற்குக் காரணம் இதுதான். டாஸ்பாக்ஸில் அது வழக்கமாக அணைக்கப்பட்டே இருக்கும். அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு, டெமோவின் பட்டியலில் அதையே தேர்ந்தெடுங்கள். ஒருமுறை அதில் கேட்டவருக்குச் சவுண்ட் பிளாஸ்டருக்குத் திரும்ப மனம் வராது.

கேள்வி: சில சிறிய டாஸ் டெமோக்கள் தொடங்கியவுடனேயே "ரன்டைம் எரர் 200" என்று சொல்லி நின்றுவிடுகின்றன. பூச்சியத்தால் வகுத்தல் என்று அதற்குப் பொருள் என்கிறார்கள். அவ்வளவு திறமையானவர்கள் இப்படியா தவறு செய்வார்கள்?

பதில்: தவறு அவர்களுடையது அல்ல, அவர்கள் பயன்படுத்திய டர்போ பாஸ்கல் மொழியின் துணை நூலகத்தில் இருக்கிறது. கணினி எவ்வளவு வேகமானது என்பதை அறிய, நிரல் தொடங்கும்போதே அந்த நூலகம் 55 மில்லி விநாடிகளுக்கு ஒரு வெற்றுச் சுழற்சியை ஓடவிட்டு எண்ணிக்கொள்ளும். பின்னர் அந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுக்கும். விடை 16 பிட்டுக்குள் அடங்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட வகுத்தல் அது. 1990-களின் பிற்பகுதியில் வந்த செயலிகளில் எண்ணிக்கை பெருத்து, விடை அந்த இடத்தில் கொள்ளாமல் வழிந்தது. வழிவதற்கும் பூச்சியத்தால் வகுப்பதற்கும் செயலி ஒரே எச்சரிக்கையைத்தான் எழுப்பும் என்பதால், நூலகமும் பூச்சியத்தின் மீது பழியைப் போட்டுவிடுகிறது. எமுலேட்டரின் வேகத்தை முன்சொன்னபடி குறைத்தால் பிழை மறைந்துவிடும்.

கேள்வி: கமடோர் 64-க்கான "எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ்" டெமோவை வைஸ் எமுலேட்டரில் போட்டேன். சீக்கிரம் ஏறட்டும் என்று "ட்ரூ டிரைவ்" என்பதை அணைத்து வைத்தேன். டெமோ தொடக்கத்திலேயே உறைந்துவிட்டது. வேறொரு பழைய டெமோவில் எழுத்துகள் நடுங்குகின்றன, படத்தின் ஓரம் கிழிந்து தெரிகிறது. ஒரு மெகாஹெர்ட்ஸ் கணினியைப் போலச் செய்வதற்கு இன்றைய செயலிக்கு என்ன தடை?

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலாவது எளிது. கமடோரின் 1541 ஃப்ளாப்பி டிரைவ் வெறும் டிரைவ் அல்ல. அதனுள் தனியாக ஒரு 6502 செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் இருந்தன. கம்பெனி கொடுத்த ஏற்றும் முறை ஆமை வேகத்தில் போனதால், டெமோ எழுதியவர்கள் தங்கள் சொந்த நிரலை அந்த டிரைவுக்குள்ளேயே அனுப்பி, அதைத் தங்களுக்கு வேலை செய்ய வைத்தார்கள். ஒரு காட்சி திரையில் ஓடும்போதே அடுத்த காட்சி ஏறுவது அப்படித்தான். நீங்கள் அணைத்தது அந்த இரண்டாவது கணினியை. டெமோ அதனிடம் பேசிவிட்டுப் பதிலுக்காக என்றென்றும் காத்திருக்கிறது. அதை மீண்டும் இயக்குங்கள். ஏறும்வரை பொறுத்திருப்பதும் டெமோவின் பகுதியே.

இரண்டாவதற்குச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஐரோப்பாவில் விற்ற கமடோர் 64, ஒரு படத்தை 312 வரிகளாக வரைந்தது. ஒவ்வொரு வரிக்கும் 63 கடிகாரத் துடிப்புகள். அதாவது ஒரு படத்துக்கு 19,656 துடிப்புகள், விநாடிக்கு ஏறத்தாழ 50 படங்கள். அமெரிக்காவில் விற்ற வகையில் 263 வரிகள், வரிக்கு 65 துடிப்புகள். ஆக, ஐரோப்பிய டெமோவை அமெரிக்க வகைக் கணினியாக அமைத்த எமுலேட்டரில் ஓட்டினால், வரிக்கு இரண்டு துடிப்பு என்ற கணக்கில் எல்லாம் நழுவும். ஆகவே வைஸில் "பால்" (PAL) என்ற ஐரோப்பிய வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

அந்த இரண்டு துடிப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்கு ஓர் உதாரணம். கமடோரின் திரையைச் சுற்றி ஓர் ஓரச் சட்டம் உண்டு. அதற்குள் எதுவும் வரைய முடியாது என்பது விதி. படம் வரையும் விக் சிப், கீழ்ச் சட்டத்தை எங்கே தொடங்குவது என்பதை வரி எண்ணை ஒப்பிட்டு முடிவு செய்கிறது. திரையில் 25 எழுத்து வரிசைகள் இருந்தால் 251-ஆவது வரியில் சட்டம் தொடங்கும். 24 வரிசைகள் இருந்தால் 247-இல் தொடங்கும். 25 வரிசைகளில் ஓடும் திரையை, 247-ஆவது வரி கடந்து 251 வருவதற்குள் 24 வரிசைகளாக மாற்றிவிட்டால் என்ன ஆகும்? சிப் 247-ஐத் தேடும், அது போய்விட்டது. 251-ஐ இப்போது தேடவேண்டியதில்லை. ஆகவே சட்டம் தொடங்கவே தொடங்காது, அங்கேயும் படம் காட்டலாம். மேல், கீழ்ச் சட்டங்களைத் திறக்க ஓரிரு வரிகள் அளவுக்கு அவகாசம் உண்டு. பக்கச் சட்டங்களைத் திறப்பதற்கோ இதே ஏமாற்றை ஒவ்வொரு வரியிலும், ஒரு துடிப்புகூட முந்தாமல் பிந்தாமல் செய்யவேண்டும். போதாக்குறைக்கு, எட்டு வரிக்கு ஒருமுறை விக் சிப் எழுத்துகளைப் படித்துக்கொள்வதற்காகச் செயலியை 40 துடிப்புகளுக்கு மேல் நிறுத்திவைக்கும். இந்தக் கணக்கையெல்லாம் துடிப்புக்குத் துடிப்பு பின்பற்றும் வைஸின் வடிவம் "எக்ஸ்64எஸ்சி" என்ற பெயரில் இருக்கிறது. டெமோக்களுக்கு அதையே பயன்படுத்துங்கள். பழைய "எக்ஸ்64" வடிவம் குறைவான உழைப்பில் ஓடும். விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் போதும், டெமோக்களுக்குப் போதாது.

ஒலியில் சிறு குறிப்பு: கமடோரின் சிட் சிப் 6581, 8580 என இரண்டு வகைகளில் வந்தது. ஒலியளவை ஏற்றி இறக்கியே மனிதக் குரலை எழுப்பும் பழைய தந்திரம் 6581-இல் உரக்கக் கேட்கும், 8580-இல் முணுமுணுப்பாகிவிடும். குரல் காணவில்லை என்றால் சிப்பை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: அமிகா டெமோக்களுக்கு "கிக்ஸ்டார்ட் ரோம்" வேண்டும் என்கிறது வின்யுஏஇ. எது, எங்கே கிடைக்கும்?

பதில்: கிக்ஸ்டார்ட் என்பது அமிகாவைத் தொடக்கிவைக்கும், அதன் ரோம் சிப்பில் பதிந்திருக்கும் நிரல். 1980-களின் இறுதியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த டெமோ என்றால் அமிகா 500, கிக்ஸ்டார்ட் 1.3, 512 கிலோபைட் சிப் நினைவகமும் அதே அளவு கூடுதல் நினைவகமும் என்று அமையுங்கள். பின்னர் வந்த, ஏஜிஏ என்ற புதிய வரைகலைச் சிப்களுக்கான டெமோக்களுக்கு அமிகா 1200-ஐத் தேர்ந்தெடுங்கள். அதிக நினைவகம் கொடுத்தால் நன்றாக ஓடும் என்று எண்ண வேண்டாம். எதிர்பாராத நினைவகத்தைக் கண்டு தடுமாறும் டெமோக்களும் உண்டு. கிக்ஸ்டார்ட் பதிப்புரிமைக்கு உட்பட்டது. "அமிகா ஃபாரெவர்" தொகுப்பை வாங்கினால் முறையான உரிமத்துடன் வரும். வின்யுஏஇ-யுடன் வரும் ஏராஸ் மாற்று ரோம் இலவசம். ஆனால் அதில் எல்லா டெமோக்களும் ஓடிவிடாது.

கேள்வி: விண்டோஸுக்கான 64 கிலோபைட் டெமோக்களை இறக்கியதும் வைரஸ் தடுப்பு மென்பொருள் அலறுகிறது. நம்பலாமா?

பதில்: அளவைக் குறைப்பதற்காக நிரலை இறுகச் சுருக்கி, ஓடும்போது நினைவகத்தில் விரியும்படி செய்கிறார்கள். வைரஸ் எழுதுபவர்களும் அதையே செய்வதால் வரும் சந்தேகம் இது. பெரும்பாலும் பொய் எச்சரிக்கைதான். ஆனாலும் சீன் டாட் ஆர்க் போன்ற நெடுநாள் காப்பகத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். எங்கிருந்தோ வந்ததை நம்பித் திறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக இழந்த அனுபவம் எனக்கு உண்டு.

கேள்வி: முதல் ஐபிஎம் பிசிக்காக எழுதப்பட்ட "8088 எம்பிஎச்" என்ற டெமோ டாஸ்பாக்ஸில் குப்பையாகத் தெரிகிறது. 4.77 மெகாஹெர்ட்ஸுக்கு வேகத்தைக் குறைத்தும் பயனில்லை.

பதில்: பயன் இருக்காது. டாஸ்பாக்ஸுக்கு எல்லாக் கட்டளைகளும் ஏறத்தாழ ஒரே விலை. உண்மையான 8088-இல் ஒரு பெருக்கலுக்கு ஆகும் நேரத்தில் பல கூட்டல்களை முடித்துவிடலாம். 2015-இல் ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் நடந்த ரெவிஷன் விழாவில் இந்த டெமோ வெளியானபோது, அதைச் சரியாக ஓட்டக்கூடிய எமுலேட்டர் ஒன்றுகூட இல்லை. வரைகலையில் நான்கு நிறம் காட்டுவதற்கென்று விற்கப்பட்ட சிஜிஏ கார்டிலிருந்து 1024 நிறங்களை அது எடுத்தது. அந்த நிறங்கள் கார்டில் இல்லை. காம்போசிட் கம்பி வழியாகப் போகும் சமிக்ஞையைத் தொலைக்காட்சி நிறமாகப் புரிந்துகொள்ளும் விதத்தில் பிறப்பவை. அந்தக் கம்பியையும் சேர்த்து நடித்துக் காட்டாத எமுலேட்டருக்கு அவை கிட்டா.

என்னை வியக்க வைத்தது வேறொன்று. அந்தக் கணினியின் நினைவகம் தன்னிடம் உள்ளதை மறக்காமல் இருக்க, 18 டைமர் துடிப்புகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படவேண்டும். அந்த நேரத்தில் செயலி சற்றே தடைப்படும். சிஜிஏ ஒரு வரியை வரைய 76 டைமர் துடிப்புகள் ஆகின்றன. 76-ஐ 18 மீதியின்றி வகுக்காது. எனவே தடை ஒவ்வொரு வரியிலும் வெவ்வேறு இடத்தில் விழுந்து, வரிக்கு வரி துல்லியமாக வரையும் காட்சியைக் குலைத்துவிடும். டெமோ எழுதியவர்கள் 18-ஐ 19 ஆக்கினார்கள். நான்கு பத்தொன்பது எழுபத்தாறு; அதன்பின் ஒவ்வொரு வரியிலும் தடை அதே நான்கு இடங்களில் விழுந்தது, அதற்கேற்ப நிரலை அடுக்கிவிட்டார்கள். இந்த ஒரு காட்சி ஓடவேண்டுமானால், நினைவகம் புதுப்பிக்கப்படுவதையும்கூட எமுலேட்டர் நேரம் தவறாமல் நடித்துக் காட்டவேண்டும். அந்த அளவுக்கு இறங்கி எழுதப்பட்ட மார்ட்டிபிசி என்ற எமுலேட்டர் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. நீங்கள் அதை இறக்கி, சிஜிஏ காம்போசிட் மானிட்டருடன் கூடிய ஐபிஎம் 5150-ஐ, அதாவது அந்த முதல் ஐபிஎம் பிசியைத் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: இத்தனை பாடு எதற்கு? எல்லாமே யூடியூபில் இருக்கிறதே.

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் கமடோர், அமிகா டெமோக்களில் இரண்டு படங்களை மாறி மாறி, விநாடிக்கு 50 முறை காட்டிக் கண்ணிலேயே புதிய நிறத்தைக் கலக்கும் உத்தி உண்டு. விநாடிக்கு 25 படமாக ஏற்றப்பட்ட வீடியோவில் ஒன்றுவிட்டு ஒன்று விழுந்துவிடும். அந்த இரண்டில் ஒன்றை மட்டுமே, அதுவும் தவறான நிறத்தில் பார்ப்பீர்கள். எமுலேட்டரிலும் இதற்கு இணையான தொல்லை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. உங்கள் மானிட்டர் விநாடிக்கு 60 முறை புதுப்பித்தால், ஐந்து படங்களுக்கு ஒரு படம் இருமுறை தோன்றி, ஓடும் எழுத்துகள் தட்டுத்தடுமாறும். விநாடிக்கு 70 படம் என்று ஓடும், விஜிஏ வரைகலைக்கான பிசி டெமோக்களில் ஏழுக்கு ஒன்று காணாமல் போகும். மானிட்டரை 50-க்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். புதுப்பிக்கும் வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் மானிட்டர் என்றால் கவலையே இல்லை. இரண்டும் இல்லாதவர்கள், விநாடிக்கு 50 படமாக, உண்மையான கணினியிலிருந்து பதிவு செய்யப்பட்ட வீடியோவைத் தேடிப் பார்ப்பதே மேல். "8088 எம்பிஎச்"-ஐப் பொறுத்தவரை அதை எழுதியவர்களே அப்படி ஒரு பதிவை வெளியிட்டிருக்கிறார்கள்.